குரோ பேட்ரிக் மலை யாத்திரை: முதல்முறை போகிறவர்களுக்கு

அயர்லாந்தின் மேற்குக் கரையில், மேயோ மாவட்டத்தில், க்ளூ விரிகுடாவைப் பார்த்தபடி நிற்கிறது குரோ பேட்ரிக் மலை. உயரம் 764 மீட்டர். பக்கத்து நகரம் வெஸ்ட்போர்ட், அங்கிருந்து எட்டு கிலோமீட்டர். ஏறத் தொடங்குகிற இடம் மரிஸ்க் என்ற சிற்றூர். உள்ளூர்க்காரர்கள் மலையை ‘ரீக்’ என்றுதான் சொல்வார்கள். வழி கேட்கும்போது நீங்களும் அப்படியே கேளுங்கள். அயர்லாந்தின் பாதுகாவலரான புனித பேட்ரிக் இந்த உச்சியில் நாற்பது நாள் நோன்பிருந்து செபித்தார் என்பது நம்பிக்கை. அதை முன்னிட்டு ஆண்டு முழுவதும் மக்கள் ஏறுகிறார்கள். ஜூலை மாதக் கடைசி ஞாயிறன்று ஆயிரக்கணக்கில் ஏறுகிறார்கள்.

நான் டப்ளினில் வேலை பார்க்கிறேன். தூத்துக்குடியிலிருந்து என் அத்தை வந்தார், இருவரும் சேர்ந்து ஏறினோம். ஏறுவதைவிட அதற்கு முந்தைய வேலைகள்தான் எங்களை அதிகம் அலைக்கழித்தன. விசாவுக்கு ஒருவர் ஒன்று சொன்னார், பஸ்ஸுக்கு இன்னொருவர் வேறொன்று சொன்னார், உச்சியில் என்ன செபம் எத்தனை முறை என்று கேட்டால் யாருக்கும் முழுதாகத் தெரியவில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன். மலையின் வரலாற்றுக்குள் போகவில்லை.

தேதி குறிப்பதற்கு முன்பே ஒன்று சொல்லிவிடுகிறேன். எந்த நாளில் போனாலும் அதற்குப் பின்னால் ஒரு நாளைக் காலியாக வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அட்லாண்டிக் காற்று நேராக வந்து மோதுகிற மலை இது. 2015-ல் ஞாயிறு யாத்திரையையே மோசமான வானிலையால் ரத்து செய்தார்கள். சனி இரவு வந்து ஞாயிறு ஏறி அன்றே திரும்புவது என்று இறுக்கமாகத் திட்டம் போட்டவர்கள், மேகம் இறங்கிவிட்டால் ஆபத்தைத் தெரிந்தே ஏறுவார்கள், அல்லது ஏறாமலே ஊருக்குத் திரும்புவார்கள். இரண்டும் வேண்டாம்.

1. முதலில் நாளை முடிவு செய்யுங்கள்

ஜூலை கடைசி ஞாயிறுதான் பெரிய நாள். ‘ரீக் ஞாயிறு’ என்பார்கள். 2026-ல் அது ஜூலை 26, 2027-ல் ஜூலை 25. அன்று உச்சியிலுள்ள சிற்றாலயத்தில் காலையிலிருந்து பிற்பகல் வரை அடுத்தடுத்துத் திருப்பலி நடக்கும், பாவசங்கீர்த்தனம் கேட்கக் குருக்கள் இருப்பார்கள், வழி நெடுக மலை மீட்புக் குழுவினரும் முதலுதவித் தொண்டர்களும் நிற்பார்கள். திருப்பலி நேரங்களை டூவம் உயர்மறைமாவட்டமும் வெஸ்ட்போர்ட் பங்கும் அந்தந்த ஆண்டு அறிவிக்கும். பழைய ஆண்டின் நேரத்தை நம்பிப் போகாதீர்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் ஜூலை கடைசி வெள்ளி. உள்ளூர் மக்கள் பரம்பரையாக ஏறும் நாள் அதுதான். ஆகஸ்ட் 15, மாதாவின் விண்ணேற்புப் பெருவிழாவும் யாத்திரை நாளே. இவை தவிர ஜூன் முதல் செப்டம்பர் வரை எந்த நாளில் ஏறினாலும் யாத்திரைக்குரிய பரிபூரண பலன் (பாவத்துக்குரிய தண்டனையை முழுதாக நீக்கும் திருச்சபையின் சலுகை) உண்டு. உச்சியில் ஆலயத்துக்குள்ளோ அருகிலோ திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபிக்க வேண்டும், அந்த வாரத்துக்குள் பாவசங்கீர்த்தனம் செய்து நற்கருணை வாங்க வேண்டும். மார்ச் 17, புனித பேட்ரிக் திருநாளிலும் அதையொட்டிய எட்டு நாளிலும் அதே பலன்தான். ஆனால் மார்ச் மாதம் புதியவர்களுக்கு உகந்ததல்ல. குளிரும் பனியும் இருக்கும், பகலும் குறைவு.

என் யோசனை: முதல்முறை வருகிறவர், மலை ஏறிப் பழக்கமில்லாதவர் என்றால் ரீக் ஞாயிறன்றே வாருங்கள். கூட்டம் சங்கடம்தான். ஆனால் கால் பிசகினால் தூக்க ஆள் இருக்கும் நாள் அது. வயதானவர்களோடு, நின்று நிதானமாக ஏற நினைப்பவர்கள் ஜூன் மாதத்தில் ஒரு வார நாளைப் பார்த்து வரலாம். அன்று ஆலயம் பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். வெளியே நின்று செபிக்கலாம், வலம் வரலாம். திருப்பலி மட்டும் இருக்காது.

2. விசா: இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்

சிங்கப்பூர், மலேசியா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். குறுகிய காலப் பயணத்துக்கு உங்களுக்கு விசா வேண்டாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் கவனமாகப் படியுங்கள்.

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகவிடும் ஷெங்கன் ஏற்பாட்டில் இல்லை. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலி விசா இங்கே செல்லாது. ஊரில் ஒரு டிராவல் ஏஜென்ட் என் அத்தையிடம், “ரோமுக்கு எடுக்கிற விசாவிலேயே அயர்லாந்தும் போயிடலாம்மா” என்று சொல்லியிருக்கிறார். அதை நம்பி டிக்கெட் போட்டிருந்தால் விமான நிலையத்திலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். லூர்து, பாத்திமா, ரோம் என்று சுற்றிவிட்டு அயர்லாந்துக்கும் வர நினைக்கும் குழுக்கள் இரண்டு விசாக்களுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

அடுத்த கண்ணி பிரிட்டனில் வசிப்பவர்களுக்கு. லண்டனில் வேலை விசாவிலோ நிரந்தர வசிப்புரிமையிலோ இருக்கும் இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கும் அயர்லாந்து விசா தேவை. ‘பக்கத்து நாடுதானே, கப்பலில் போனால் யார் பார்க்கப் போகிறார்கள்’ என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். சோதனை உண்டு. சோதனை இல்லாவிட்டாலும் சட்டம் சட்டம்தான். இந்தியாவில் வசித்துக்கொண்டு பிரிட்டன் சுற்றுலா விசா எடுக்கிற இந்தியக் குடிமக்களுக்கு மட்டும் ‘பிரிட்டிஷ்-ஐரிஷ் விசா திட்டம்’ என்று ஒன்று இருக்கிறது. அந்த விசாவில் அதற்குரிய ஒப்புதல் இருந்தால் முதலில் பிரிட்டனுக்குப் போய்விட்டு அங்கிருந்து அயர்லாந்துக்கு வரலாம். ஒப்புதல் இருக்கிறதா என்பதைப் பயணத்துக்கு முன் நீங்களே சரிபாருங்கள். நேரே டப்ளினில் வந்து இறங்கக் கூடாது.

மூன்றாவது கண்ணி வடக்கு அயர்லாந்து. பெல்ஃபாஸ்ட்டுக்கு டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறதே என்று அங்கே இறங்கிவிடாதீர்கள். அது பிரிட்டனின் பகுதி. சாதாரண அயர்லாந்து விசா அங்கே செல்லாது.

சரி, விண்ணப்பிக்கும் முறை. குறுகிய காலப் பயணத்துக்கு ‘சி’ வகை விசா. ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. மறுத்தாலும் பணம் திரும்பாது. முதலில் இணையத்தில் படிவத்தை நிரப்ப வேண்டும். முடிவில் வரும் சுருக்கப் படிவத்தை அச்செடுத்துக் கையெழுத்திட்டு, ஆவணங்களோடு விண்ணப்ப மையத்தில் கொடுக்க வேண்டும். பயணத் தேதிக்கு மூன்று மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். முடிவு வர எட்டு வாரம் வரை ஆகலாம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை கடைசி ஞாயிறுக்கு வர வேண்டுமானால் ஏப்ரல் கடைசியில் கதவு திறக்கிறது, மே முதல் வாரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஜூனில் கொடுத்துவிட்டுப் பதறுகிறவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள்.

நாங்கள் திரட்டிய ஆவணங்கள் இவை:

- இப்போதைய பாஸ்போர்ட், பழைய பாஸ்போர்ட்டுகள் எல்லாம்
- கையெழுத்திட்ட விண்ணப்பக் கடிதம்: ஏன் வருகிறீர்கள், எந்தத் தேதி முதல் எதுவரை, எங்கே தங்குவீர்கள், செலவு யாருடையது, இங்கே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்
- கடந்த ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம்
- வேலையில் இருந்தால் விடுப்புக் கடிதம், ஓய்வு பெற்றவர் என்றால் ஓய்வூதிய ஆவணம்
- ஊருக்குத் திரும்பிப் போவீர்கள் என்பதற்கான ஆதாரம்: குடும்பம், வீடு, நிலம், வேலை
- தங்குமிட முன்பதிவு, அல்லது இங்குள்ள உறவினரின் அழைப்புக் கடிதமும் அவருடைய பாஸ்போர்ட், வசிப்பு அட்டை, முகவரிச் சான்று நகல்களும்
- பயணக் காப்பீடு, புகைப்படங்கள்

தமிழில் உள்ள ஆவணம் எதுவானாலும் ஆங்கில மொழிபெயர்ப்பு சேர்க்க வேண்டும். என்னுடைய அத்தைதான் என்று காட்டக் குடும்ப ஆவணங்களை மொழிபெயர்த்து வாங்கவே எங்களுக்கு நாள் போனது. அதை முதல் வேலையாக ஆரம்பியுங்கள்.

விண்ணப்பக் கடிதத்தில் யாத்திரை என்றே எழுதுங்கள். மலையின் பெயர், நாள், எந்த ரயிலில் போய் எங்கே தங்குவது என்பது வரை எழுதலாம். பொதுவாகச் சுற்றிப் பார்க்க என்று ஒரு வரியோடு விட்ட கடிதத்தைவிட இது வலுவாக நிற்கும். வங்கிக் கணக்கில் விண்ணப்பத்துக்கு முந்தின வாரம் பெரிய தொகை வந்து விழுந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று விளக்கி ஆவணம் வையுங்கள். எந்த நாடாவது முன்பு விசா மறுத்திருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். மறைத்தது தெரிந்தால் அதுவே மறுக்கக் காரணமாகிவிடும். மறுத்துவிட்டாலும் மனம் உடைய வேண்டாம். காரணத்தை எழுத்தில் தருவார்கள், இரண்டு மாதத்துக்குள் கட்டணம் இல்லாமல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கும் நேரம் வேண்டும் என்பதால்தான் சீக்கிரம் கொடுக்கச் சொல்கிறேன்.

விசா கையில் வந்த பிறகு அழைப்புக் கடிதம், தங்குமிட விவரம், காப்பீடு ஆகியவற்றின் நகல்களைக் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். டப்ளின் விமான நிலையத்தில் குடிவரவு அதிகாரி கேட்பார். பெட்டிக்குள் வைத்துவிட்டால் அந்த நேரத்தில் எடுக்க முடியாது.

3. தங்குமிடம், பயணம்

தங்குவதற்கு வெஸ்ட்போர்ட்தான் வசதி. சிறிய ஊர், ஜூலையில் சுற்றுலாக் கூட்டமும் சேர்ந்துகொள்ளும். கடைசி வார இறுதிக்கு அறைகள் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும், விலையும் ஏறியிருக்கும். விசா வருவதற்கு முன்பே, கட்டணமில்லாமல் ரத்து செய்யக்கூடிய அறையாகப் பார்த்துப் பதிவு செய்துவிடுங்கள். வெஸ்ட்போர்ட்டில் கிடைக்கவில்லை என்றால் காசில்பார் பார்க்கலாம், காரில் வந்துவிடும் தூரம்தான். அறையைப் பதியும்போதே அந்தக் கூடுதல் நாளையும் சேர்த்துப் பதியுங்கள்.

டப்ளின் விமான நிலையத்துக்கு ரயில் கிடையாது. பஸ்ஸிலோ டாக்சியிலோ ஹியூஸ்டன் ரயில் நிலையத்துக்கு வந்து, அங்கிருந்து வெஸ்ட்போர்ட் ரயில். மூன்றேகால் மணி நேரம் அளவு ஆகும். இணையத்தில் முன்கூட்டி எடுத்தால் டிக்கெட் விலை குறைவு, இருக்கையும் உறுதி. ஞாயிறு காலை டப்ளினில் கிளம்பி அன்றே ஏறிவிடலாம் என்று நினைக்காதீர்கள். நீங்கள் வந்து சேரும்போது பாதிப் பேர் இறங்கிக்கொண்டிருப்பார்கள். வெள்ளியோ சனியோ வந்துவிடுங்கள். பிரிட்டனிலிருந்து வருகிறவர்கள் நாக் விமான நிலையத்தையும் பாருங்கள், மேயோவிலேயே இருக்கிறது.

வெஸ்ட்போர்ட்டிலிருந்து மரிஸ்க் வழியாக லூயிஸ்பர்க் போகும் 450 எண் பஸ் உண்டு. அடிக்கடி வராது, ஞாயிறுகளில் இன்னும் குறைவு. திரும்பும் பஸ்ஸின் நேரத்தை ஏறுவதற்கு முன்பே குறித்துக்கொள்ளுங்கள். டாக்சி என்றால் முதல் நாள் மாலையே பேசிவைக்க வேண்டும். ரீக் ஞாயிறன்று காலையில் தெருவில் நின்று கைகாட்டினால் கிடைக்காது. அன்று சிறப்புப் பஸ் விடுகிறார்களா என்று தங்குமிடத்தில் கேளுங்கள்.

காரில் வந்தால் மரிஸ்கில் மலையடிவாரத்திலேயே கட்டண நிறுத்துமிடம் இருக்கிறது. ரீக் ஞாயிறன்று அது விடியும்போதே நிறைந்துவிடும். பக்கத்து வயல்களைத் திறந்துவிட்டுக் காசு வாங்கிக்கொண்டு நிறுத்த விடுவார்கள். சாலையோரம் நிறுத்தாதீர்கள். அந்தச் சாலை குறுகலானது, ஆம்புலன்ஸ் போக வேண்டும்.

4. செலவு

மலை ஏற அனுமதிச் சீட்டு கிடையாது, நுழைவுக் கட்டணம் கிடையாது, பதிவும் கிடையாது. ‘யாத்திரைப் பதிவு’ என்று யாராவது இணையத்தில் பணம் கேட்டால், அது வழிகாட்டியோடு போகும் தனியார் குழுவுக்கான கட்டணம், கட்டாயமில்லை. செலவெல்லாம் விசா, விமானம், அறை, ரயில் இவற்றில்தான். அடிவாரத்தில் வண்டி நிறுத்த, ஊன்றுகோல் வாங்க, தேநீர் குடிக்கச் சில்லறையாகக் கொஞ்சம் யூரோ கையில் இருக்கட்டும்.

காப்பீட்டில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். மலை மீட்புக் குழுவினர் தன்னார்வலர்கள், உங்களைத் தூக்கி வரக் காசு கேட்க மாட்டார்கள். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டால் வெளிநாட்டவருக்குச் செலவு பெரிது. மலை நடையால் ஏற்படும் காயங்களும் அடங்குமா என்று காப்பீட்டுத் தாளில் தேடிப் பார்த்து வாங்குங்கள்.

5. கால், காலணி, பை

போக வர ஏழு கிலோமீட்டர் அளவுதான். ஏற இரண்டு மணி நேரம், இறங்க ஒன்றரை மணி நேரம் என்பது நல்ல உடல்நிலை உள்ளவர்களின் கணக்கு. அத்தை மாதிரி அறுபதைத் தாண்டியவர்கள், செபமாலை சொல்லிக்கொண்டு நின்று நின்று ஏறுகிறவர்கள் ஆறு மணி நேரம் ஒதுக்குங்கள். தூரம் குறைவு என்று ஏமாற வேண்டாம், அந்தத் தூரத்தில் முக்கால் கிலோமீட்டர் செங்குத்தாக மேலே போகிறீர்கள்.

இரண்டு மாதம் முன்பே மாடிப்படி ஏறிப் பழகுங்கள். சமதரையில் எத்தனை தூரம் நடந்தாலும் இதற்கு அது போதாது. ஏறுவதைப் போலவே இறங்குவதையும் பழகுங்கள், லிஃப்டில் இறங்கிவிடாதீர்கள். இறங்கும்போதுதான் முழங்காலும் தொடையும் வேலை செய்கின்றன.

காலணி கணுக்காலை மூடிப் பிடிப்பதாக, அடிப்பாகம் வரிவரியாக உள்ளதாக இருக்க வேண்டும். புதிதாக வாங்கி அப்படியே மாட்டிக்கொண்டு வராதீர்கள், ஒரு மாதம் ஊரில் போட்டு நடந்து பழக்கிவிட்டு வாருங்கள். வெறுங்காலோடு ஏறுகிறவர்களை ரீக் ஞாயிறன்று நீங்கள் பார்ப்பீர்கள். அது இந்த யாத்திரையில் காலங்காலமாக உள்ள தவம்தான், அவர்களைப் பார்க்கும்போது மனம் நெகிழும். ஆனால் கோவில்களில் செருப்பில்லாமல் நடந்த பழக்கத்தை வைத்து இதில் இறங்காதீர்கள். உச்சிப் பகுதியில் கிடப்பது விளிம்பு கூர்மையான குவார்ட்சைட் கல். குளிரில் பாதம் மரத்துப்போனால் வெட்டுப்பட்டதே தெரியாது. வேண்டுதல் இருக்கிறது என்றால் கீழே, ஏறத் தொடங்கும் இடத்திலுள்ள புனித பேட்ரிக் சிலையடியில் சிறிது தூரம் வெறுங்காலோடு நடந்து அதை நிறைவேற்றுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதுவும் வேண்டாம்.

ஊன்றுகோல் கட்டாயம். அடிவாரத்தில் மரக்கம்பு கிடைக்கும். தோளுயரத்துக்குக் குறையாததாகப் பாருங்கள், இறங்கும்போது நீளம் வேண்டும்.

கீழே வெயில் அடித்தாலும் மேலே குளிரும். ஜூலையிலும் உச்சியில் காற்று எலும்புவரை ஏறும். பருத்திச் சட்டை வியர்வையில் நனைந்தால் காயாது. ஸ்வெட்டருக்குக் கீழே சீக்கிரம் உலரும் துணியைப் போடுங்கள். புடவை, வேட்டி வேண்டாம், காற்றில் காலைச் சுற்றும். குடை திறக்கவே முடியாது. தலையோடு மூடும் மழைக்கோட்டு, குல்லாய், கையுறை, ஒரு மாற்று மேலாடை, ஆளுக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர், சாப்பிட ஏதாவது, மாத்திரைகள், முழுதாகச் சார்ஜ் செய்த போன் இவை போதும். மேலே தண்ணீரும் கடையும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். கழிப்பறையை அடிவாரத்திலேயே முடித்துக்கொள்ளுங்கள். நோன்பிருந்து ஏறுவதாக நேர்ந்திருந்தால் தண்ணீரையாவது விடாதீர்கள்.

6. ஏறும் வழி

காலை ஏழு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். ஜூலையில் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், அதனால் தாமதமாகத் தொடங்கினால் இருட்டிவிடுமோ என்ற பயம் இல்லை. ஆனால் காலையில் வழி காலியாக இருக்கும், கல்லை உருட்டிக்கொண்டு எதிரே இறங்குகிறவர்கள் இருக்க மாட்டார்கள்.

நிறுத்துமிடத்தைத் தாண்டிப் படி ஏறினால் 1928-ல் வைத்த புனித பேட்ரிக்கின் வெள்ளைச் சிலை. இங்கே நின்று செபித்துவிட்டுத்தான் எல்லாரும் தொடங்குவார்கள். இங்கேயே மேலே பாருங்கள். உச்சி தெரியவில்லை, மேகத்துக்குள் இருக்கிறது என்றால் கீழே உள்ள வரவேற்பு மையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். வானிலை அறிக்கையில் மழை அளவைவிடக் காற்றின் வேகத்தைப் பாருங்கள்.

சிலையிலிருந்து தோள்பட்டைப் பகுதிவரை ஒரே ஏற்றம். ஈரத்தில் வழுக்கும் கற்கள். இங்கேதான் பலர் வேகமாக ஏறி மூச்சைத் தொலைத்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச்சு தடைபட்டால் ஒதுங்கி நில்லுங்கள். தோள்பட்டையை எட்டியதும் வழி சமமாகும், ஒரு பக்கம் விரிகுடாவும் அதன் சிறு தீவுகளும் தெரியும். எதிரே கூம்பாக உச்சி நிற்கும். அந்தக் கூம்பைப் பார்த்ததும் இதெல்லாம் நம்மால் ஆகாது என்று தோன்றும். எல்லாருக்கும் தோன்றுவதுதான். உட்காருங்கள், சாப்பிடுங்கள், மேலாடையைப் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பிப் போவதாக இருந்தால் முடிவெடுக்க வேண்டிய இடமும் இதுவே. கூம்பில் பாதி ஏறிவிட்டு முடியாது என்றால் இறங்குவதுதான் கஷ்டம்.

கூம்பின் அடியில் முதல் நிலையம் இருக்கிறது, அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன். அங்கிருந்து கடைசி முந்நூறு மீட்டர் உயரம் சரளைச் சரிவு. அண்மை ஆண்டுகளில் மலையின் கற்களையே கையால் அடுக்கிப் பாதையைச் செப்பனிட்டிருக்கிறார்கள், முன்பைவிட எவ்வளவோ மேல் என்று பழையவர்கள் சொல்கிறார்கள். அப்படியும் அடுக்கிய கல்லை விட்டு ஓரமாகக் கால் வைத்தால் சரளை நகரும். முன்காலை வைத்து, அது நகரவில்லை என்று உறுதியான பிறகு உடல் பாரத்தை மாற்றுங்கள். கம்பை உங்களுக்கு மேற்பக்கம் ஊன்றுங்கள். முன்னே போகிறவருக்கு நேர் கீழே நிற்காதீர்கள். உங்கள் காலடியிலிருந்து கல் உருண்டால் சத்தமாகக் குரல் கொடுங்கள், என்ன மொழியானாலும் பரவாயில்லை. அத்தை “ஏ, கல்லு! கல்லு!” என்று கத்தியதும் கீழே இருந்த நாலு பேர் சட்டென்று விலகினார்கள்.

இங்கே எல்லாரும் எல்லாரிடமும் பேசுவார்கள். மூதாட்டிகள், பிள்ளையைத் தோளில் சுமந்த அப்பாக்கள், குடும்பம் குடும்பமாக வரும் ‘டிராவலர்’ எனப்படும் அயர்லாந்து நாடோடிச் சமூகத்தினர் என்று யாராவது கை நீட்டித் தூக்கிவிடுவார்கள். தயங்காமல் பிடித்துக்கொள்ளுங்கள், நீங்களும் நீட்டுங்கள்.

7. மூன்று நிலையங்களும் செபங்களும்

பலரும் உச்சியைத் தொட்டுப் படம் எடுத்துவிட்டு இறங்கிவிடுகிறார்கள். யாத்திரையாக வருகிறவர்கள் செய்ய வேண்டியது மூன்று நிலையங்கள். அடிவாரப் பலகையிலேயே எழுதியிருக்கிறது, ஆனால் மேலே போனதும் மறந்துவிடும். ஒரு தாளில் தமிழில் எழுதி பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். வலம் எல்லாமே வலப்பக்கமாக, நமக்குப் பழகிய விதத்தில்தான்.

முதல் நிலையம், லாக்ட் பெனான்: கூம்பின் அடியில் உள்ள கற்குவியல். ஏழு முறை வலம் வந்து, ஏழு பரலோக மந்திரம், ஏழு அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம்.

இரண்டாம் நிலையம், உச்சி: முதலில் முழந்தாளிட்டு ஏழு பரலோக மந்திரம், ஏழு அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம். அப்புறம் ஆலயத்தருகே திருத்தந்தையின் கருத்துகளுக்காகச் செபம். பின் ஆலயத்தைப் பதினைந்து முறை வலம் வந்து, பதினைந்து பரலோக மந்திரம், பதினைந்து அருள்நிறை மந்திரம், ஒரு விசுவாசப் பிரமாணம். கடைசியாக, பேட்ரிக்கின் படுக்கை என்று சொல்லும் இடத்தை ஏழு முறை வலம் வந்து, முன்போல ஏழு, ஏழு, ஒன்று.

மூன்றாம் நிலையம், மரியன்னையின் கல்லறைத் தோட்டம்: இது நீங்கள் ஏறிவந்த வழியில் இல்லை, மலையின் மேற்குப் பக்கம், லெகான்வி பக்கச் சரிவில் கொஞ்சம் கீழே இறங்க வேண்டும். மூன்று கற்குவியல்கள். ஒவ்வொன்றையும் ஏழு முறை சுற்றி அதே செபங்கள், இறுதியில் முழு இடத்தையும் ஏழு முறை வலம். மேகமாக இருந்தாலோ கால் தளர்ந்திருந்தாலோ இதை விட்டுவிடுங்கள். இறங்கினால் மறுபடி உச்சிக்கு ஏறி வர வேண்டும் என்பதை மறக்க வேண்டாம்.

எண்ணிக்கை தவறாமல் இருக்க ஒரு வழி: தரையில் கிடக்கும் பொடிக்கற்கள் ஏழைக் கையில் எடுத்துக்கொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாகக் கீழே போட்டுவிடுங்கள். செபமாலை மணியை விரல் நகர்த்த முடியாத குளிர் அங்கே, கையுறையோடு கல்லைப் பிடிக்கலாம். கற்களை வீட்டுக்கு எடுத்து வராதீர்கள். மாலை, படம், மெழுகுவர்த்தி, வேண்டுதல் சீட்டு எதையும் அங்கே வைத்துவிட்டும் வராதீர்கள். காற்று அத்தனையையும் மலைமேல் இறைத்துவிடும், யாரோ ஒரு தன்னார்வலர் ஏறிப்போய்ப் பொறுக்க வேண்டும்.

வியர்வையோடு உச்சியில் நின்றால் பத்து நிமிடத்தில் நடுக்கம் வரும். போய்ச் சேர்ந்ததும் முதல் வேலை உள்சட்டையை மாற்றுவது, செபம் அதற்குப் பிறகு.

8. இறங்குவது

கால் பிசகுவதெல்லாம் பெரும்பாலும் இறங்கும்போதுதான். களைப்பு, முடிந்துவிட்டது என்ற நிம்மதி, கீழே பஸ் போய்விடுமோ என்ற அவசரம் மூன்றும் சேர்ந்துகொள்ளும். கூம்பில் இறங்கும்போது உடலைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பி, முழங்காலை மடக்கி, குறுக்கு நெடுக்காக இறங்குங்கள். கம்பு உங்களுக்கு முன்னால், கீழ்ப்பக்கம். ஏறுகிறவர்களுக்கு வழிவிடும்போது மலைப்பக்கமாக ஒதுங்குங்கள். சறுக்கப் போகிறோம் என்று தோன்றினால் உட்கார்ந்துவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. அத்தை பாதிக் கூம்பை உட்கார்ந்தபடிதான் இறங்கினார்.

அடிபட்டால், வழி தவறினால் 112 அல்லது 999 எண்ணுக்கு அழைத்து மலை மீட்பு வேண்டும் என்று சொல்லுங்கள். மலையின் பெயர், எந்த நிலையத்துக்கு மேலே அல்லது கீழே இருக்கிறீர்கள், எத்தனை பேர் என்று சொன்னால் போதும். மேகம் சூழ்ந்துவிட்டால் குறுக்கு வழி தேடாமல் பாதையிலேயே நில்லுங்கள்.

9. ஏற முடியாமல் போனால்

முதலில், வைத்திருக்கும் கூடுதல் நாளில் மறுபடி முயலுங்கள். ரீக் ஞாயிறு ரத்தானாலும் திங்கட்கிழமை வானம் திறந்துவிடுவது இங்கே சாதாரணம். உடல்நிலை இடம் தரவில்லை என்றால் சிலைவரை ஏறி அங்கே செபமாலை சொல்லிவிட்டு, சாலைக்கு அந்தப்புறம் கடலோரத்தில் இருக்கும் பழைய மரிஸ்க் மடத்தின் இடிபாடுகளையும் பார்க்கலாம். திருப்பலிக்கு வெஸ்ட்போர்ட்டில் புனித மரியன்னை ஆலயம் இருக்கிறது. நாக் மாதா திருத்தலமும் மேயோவிலேயே இருப்பதால் மறுநாள் அங்கே போய்வரலாம். வெஸ்ட்போர்ட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரம்.

ஏறியவர்களில் சிலருக்கு அடுத்தமுறை பழைய யாத்திரைப் பாதையிலேயே நடக்க வேண்டும் என்று தோன்றும். பாலின்டப்பர் மடத்திலிருந்து இந்த மலைவரை 35 கிலோமீட்டர் அளவில் ஒரு பாதை இருக்கிறது. தனியார் விளைநிலங்கள் வழியாகப் போவதால் முன்கூட்டி மடத்தில் சொல்லிப் பதிந்துவிட்டுத்தான் நடக்க வேண்டும். ஆண்டில் சில நாட்கள் மடத்தின் வழிகாட்டியோடு குழுவாகவும் போவார்கள். தேதியையும் கட்டணத்தையும் மடத்துக்கு எழுதிக் கேளுங்கள், விசாவுக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.